வாளியிலிருந்து எடுத்த ஜோடி

ஆயர் ஈத்தாம், பினாங்கு
2 மார்ச் 1991

டெக்,

மீனைக் கொடுக்கவில்லை. கடைசிப் பக்கம் வரை தேடிக்கொண்டு போக வேண்டாம் என்பதற்காக முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

இன்று காலை உன் மீன் பண்ணை முதலாளி கோ, ஒரு லாரியோடு வந்தார். சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள் நேற்றுத்தான் முடிந்தது, வாசலில் கட்டிய சிவப்புத் துணியைக்கூட நான் இன்னும் கழற்றவில்லை. கூடவே இரண்டு ஆட்கள், பிளாஸ்டிக் பைகள், ஆக்ஸிஜன் உருளை. லிஃப்ட் கெட்டுப்போயிருந்ததால் ஒன்பது மாடியும் ஏறி, பேச முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வந்ததும், வெளிர் ஜோடியை எடுத்துப்போகச் சொல்லி நீ எழுதியிருப்பதாகச் சொன்னார்.

எட்டுத் தொட்டிக்கும் தினம் தண்ணீர் மாற்றுகிறவள் நான். எனக்கு ஒரு வரி இல்லை, அவருக்குக் கடிதம். எனக்கு வந்த கடைசிக் கடிதத்தில் நீ கேட்டிருந்தது குளிருக்குப் போட இரண்டு உள்சட்டை. அதை அனுப்பிவிட்டேன்.

அவருக்குக் காபி கொடுத்தேன், மீனைக் கொடுக்கவில்லை. "பொம்பளைங்க அடுப்பைப் பாருங்க லுவான், டிஸ்கஸ் மீன் வளர்க்கறதெல்லாம் விளையாட்டு இல்ல" என்றார். அடுப்பைப் பார்த்துத்தான் காபி போட்டேன், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்றேன்.

அந்த ஜோடி எங்கிருந்து வந்தது என்று உனக்கு மறந்துபோயிருக்கும். பண்ணையில் கழித்துப்போட்ட குஞ்சுகளை வாளியில் கொண்டுவருவாய், மூன்றாம் மாடிக்காரர் வளர்க்கிற பெரிய ஆரோவானா மீனுக்குத் தீனி. ஒருநாள் அந்த வாளியில் இரண்டு குஞ்சுகள் மட்டும் வேறுமாதிரி இருந்தன. உடம்பில் கோடே இல்லை. வெண்ணெய் நிறம், மிளகு தூவியதுபோலப் புள்ளி. டீ வடிகட்டியால் நான்தான் எடுத்தேன். முதலாளியே நோய் என்று சொல்லிவிட்டார், நீ என்ன டாக்டரா என்று சிரித்தாய். பதினோரு வருடம் சிப் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டியவள் நான். நோய்ப் புள்ளி எது, பிறவிப் புள்ளி எது என்று எனக்குத் தெரியும்.

இப்போது அவை கையகலம் வளர்ந்து, சிவந்த கண்ணோடு ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஹாங்காங்கில் வெளிர் மீனுக்குக் கிராக்கி என்றதும் உன் முதலாளிக்கு வாளி ஞாபகம் வந்துவிட்டது. நீ திரும்பியதும் பண்ணையில் பங்காளி ஆக்குகிறேன் என்று அவர் சொன்னது எனக்குத் தெரியும். அதற்கு விலை என் மீன் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

உன் அம்மா நலம். அவரும் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறார், ஆனால் வேறு காரணத்துக்கு. கழுத்துத் துணி போடாமல் வெளியே போகாதே.

கிம் லுவான்


கவாகுச்சி, ஜப்பான்
17 மார்ச் 1991

லுவான்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்ததும் கிழிக்கப் போனேன். பின்பக்கத்தில் அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததால் விட்டேன்.

என் நிலைமை உனக்குப் புரியவில்லை. இங்கே இரும்பு வார்ப்புப் பட்டறையில் காலையிலிருந்து மாலைவரை மணல் அச்சு சுமக்கிறேன். ஒரு அறையில் எட்டுப் பேர், எட்டுப் பேரும் நம் ஊர்க்காரர்கள். விசா எப்போதோ முடிந்துவிட்டது. ஒருநாள் பிடித்து விமானத்தில் ஏற்றிவிட்டால், திரும்பி வந்து எங்கே நிற்பேன்? எனக்குத் தெரிந்தது மீன் ஒன்றுதான். முதலாளி கோவின் பண்ணையில் பங்கு கிடைத்தால் மனிதனாக வாழலாம். அதற்காக ஒரு வாக்கு கொடுத்தேன். அதை நீ ஒரு கோப்பைக் காபியோடு திருப்பி அனுப்பிவிட்டாய். இனி பண்ணை இருக்கிற புக்கிட் மெர்தாஜாம் முழுக்க என்ன பேசுவார்கள் என்று யோசித்தாயா?

வாளி அவருடையது, வாளியில் இருந்த மீனும் அவருடையது. நீ வடிகட்டியால் எடுத்தால் உன்னுடையதாகிவிடுமா?

இன்னொன்று. நீ எதைப் போட்டு வளர்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். மாட்டு இதயம் அரைத்துப் போடாமல் இந்த மீன் முட்டைக்கு வராது. குவான் யின் படம் இருக்கிற வீட்டில் மாட்டிறைச்சி நுழையக்கூடாது என்று நீயும் அம்மாவும் சேர்ந்துகொண்டு என் வாயை அடைத்தீர்கள். உங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான். சாமிக்குப் பயந்தால் பயந்துகொள், ஆனால் மீன் தொழில் செய்கிறேன் என்று சொல்லாதே.

வெளிர் ஜோடிக்குப் பக்கத்துத் தொட்டியில் இருக்கிற அந்தச் சாதாரணப் பழுப்பு நிற டிஸ்கஸ் ஜோடியைக் கடைக்குப் போட்டுவிடு. அதை யாரும் சீண்ட மாட்டார்கள், ஒரு தொட்டிதான் வீண். வெளிர் ஜோடி விஷயத்தில் என்னைக் கேட்காமல் எதையும் தொடாதே. எதுவானாலும் எழுது, நான் பதில் எழுதுகிறேன். அதன்பிறகு செய்.

உள்சட்டை கிடைத்தது. தோள் இறுக்கம்.

பூன் டெக்


ஆயர் ஈத்தாம்
8 ஏப்ரல் 1991

டெக்,

மாட்டு இதயம் இல்லாமல் முட்டை வராது என்றாய். வந்தது. இறாலை உரித்து, கீரையோடு அரைத்துப் போட்டதில் வந்தது. கவிழ்த்து வைத்த பூந்தொட்டியின் மேல் வரிசையாக இருநூறுக்கு மேல் இட்டுவைத்தன. தின்றுவிடாமல் இருக்கக் கம்பிவலை போட்டேன். வெளுத்துப்போன முட்டைகளை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். பக்கத்து நல்ல முட்டை ஒன்றுகூட உடையவில்லை. மூன்றாம் நாள் வால் துடித்தது, ஐந்தாம் நாள் நீந்தின. உன் அம்மா குவான் யின்னுக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு, தொட்டிக்கும் ஒன்று காட்டினார்.

இந்த மீன் தன் தோலில் பால்போல ஒன்றைச் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும், முதல் வாரம் குஞ்சு வேறெதையும் தொடாது என்று அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். உட்கார்ந்து பார்த்தோம். குஞ்சுகள் தாயிடமும் போகவில்லை, தகப்பனிடமும் போகவில்லை. கும்பலாக மூலைக்குப் போய், கறுப்புப் பஞ்சு வடிகட்டியில் ஒட்டிக்கொண்டு பஞ்சை உறிஞ்சின. பெற்றவை இரண்டும் பக்கத்திலேயே உடம்பைச் சாய்த்துக் காட்டிக்கொண்டு நின்றன. வாயால் பிடித்துப் பிடித்து உடம்பில் துப்பின. அவை மறுபடியும் பஞ்சுக்கே போயின. மூன்று நாள் பட்டினி கிடந்து, நான்காம் நாள் காலை தொட்டியின் அடியில் தூசியாகக் கிடந்தன. குழாய் வைத்து நான்தான் உறிஞ்சி எடுத்தேன். உன் அம்மா அன்று சாப்பிடவில்லை. நானும்தான்.

அதற்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. என்னைக் கேட்காமல் எதையும் தொடாதே. நான் எழுதி, அது உன்னிடம் வந்து, நீ எழுதி, அது என்னிடம் வர இருபது நாள். குஞ்சுக்கு ஆயுசு மூன்று நாள். நீயே கணக்குப் போட்டுப் பார்.

சும்மா உட்கார்ந்து அழுதேன் என்று நினைக்காதே. இரண்டாம் நாளே பஞ்சை வெளியே எடுத்தேன். கறுப்பு வயர் இருந்த மூலைக்குப் போயின. வயரை எடுத்துவிட்டு, என் கறுப்புச் சீப்பைத் தண்ணீரில் விட்டேன். எல்லாம் சீப்புக்கு வந்தன. அப்போதுதான் விளங்கியது. குஞ்சு தேடுவது கறுப்பை. மற்ற டிஸ்கஸ் எல்லாம் குஞ்சு வந்ததும் உடம்பைக் கறுக்க வைத்துக்கொள்ளும். இவை வெளிர் மீன், கறுக்கத் தெரியாது. பாலை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றும் பிள்ளைக்குத் தாயைத் தெரியவில்லை. அந்தக் குஞ்சுகளுக்கு நேரம் தாண்டிவிட்டது, ஆனால் எனக்கு விடை கிடைத்துவிட்டது.

பழுப்பு ஜோடியை விற்கவில்லை. விற்கவும் மாட்டேன்.

செங் பெங் நாளன்று உன் அப்பாவின் கல்லறையைச் சுத்தம் செய்து சிவப்புப் பெயின்ட் அடித்தோம். ஆரஞ்சு வைத்தோம்.

லுவான்


கவாகுச்சி
20 ஏப்ரல் 1991

லுவான்,

பஞ்சை உறிஞ்சின என்று எழுதியதைப் படித்துவிட்டு அன்று வேலையில் ஒரு அச்சைக் கீழே போட்டுவிட்டேன். மேஸ்திரி கத்தினார். அறையில் இருப்பவர்கள் என்னடா என்று கேட்டார்கள், படித்துக் காட்டினேன். சமையல் செய்கிற ஹுவாட், சீப்பு வரும் இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்.

பண்ணையிலும் ஒருமுறை இப்படி ஆனது. வியாதி என்று நினைத்துத் தொட்டியையே கவிழ்த்துவிட்டோம். உன் சீப்புக் கதை சரியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் வைத்தியம் இதுதான்: நீந்த ஆரம்பித்ததும் குஞ்சுகளைப் பீங்கான் தட்டுக்கு மாற்று. அவித்த முட்டையின் மஞ்சளைத் தட்டின் ஓரத்தில் மெல்லத் தடவு. நாளைக்கு ஆறு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். நூறில் பத்து பிழைக்கும். பத்து போதும்.

பழுப்பு ஜோடி எதற்கு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பிடிவாதத்துக்கு என்றுதான் நினைக்கிறேன்.

முதலாளி எழுதியிருந்தார். ஜூன் வரைதான் பொறுப்பாராம். அதற்குமேல் பங்கு என் சித்தப்பா மகன் ஆ ஹ்வாவுக்கு. அவனுக்கு மீனுக்கு வால் எந்தப் பக்கம் என்று தெரியாது. நீ முட்டை வரவைத்தாய், ஒப்புக்கொள்கிறேன். காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டாய். இனி அந்த ஜோடியை அவரிடம் கொடுத்துவிடு. அதில் உனக்கு அவமானம் ஒன்றும் இல்லை.

டெக்


ஆயர் ஈத்தாம்
12 மே 1991

டெக்,

எண்பத்து நான்கு. மூன்று தடவை எண்ணிவிட்டேன்.

முட்டை மஞ்சள் தடவவில்லை. கேள், என்ன செய்தேன் என்று. போன மாதக் கடைசியில் வெளிர் ஜோடி மறுபடி முட்டையிட்டது. மறுநாள் பழுப்பு ஜோடியும் இட்டது. இதற்காகத்தான் அவற்றுக்கும் இறால், அவற்றுக்கும் அதே சூடு, அதே நாளில் தண்ணீர் என்று பார்த்துப் பார்த்து வைத்திருந்தேன். பூந்தொட்டிகள் இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. மாற்றி வைத்துவிட்டேன். வெளிரின் முட்டை பழுப்பிடம், பழுப்பின் முட்டை வெளிரிடம்.

பழுப்புத் தகப்பன் பூந்தொட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு துடுப்பால் விசிறத் தொடங்கிவிட்டது. குஞ்சுகள் நீந்திய அன்று அது கரியாகக் கறுத்து நின்றது. எல்லாம் நேரே போய் ஒட்டிக்கொண்டன டெக். மேய்ந்து மேய்ந்து வயிறு நிரம்பி உருண்டன. பெரிய மீன் ஒன்று களைத்தால் உடம்பை ஒரு உதறு உதறி, குஞ்சுகளை மற்றதன்மேல் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். சிரிக்காதே.

பழுப்பு ஜோடியின் சொந்த முட்டைகளை வெளிர் ஜோடி தின்றுவிட்டது. அந்தப் பாவம் என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை.

எண்பத்து நான்கில் அறுபதுக்கு மேல் உடம்பில் கோடில்லாமல் வருகின்றன. உன் அம்மா ஆயர் ஈத்தாம் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார். சந்தையிலிருந்து உன் முதலாளி காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? நேற்று வந்துவிட்டார். இந்தத் தடவை லிஃப்ட் வேலை செய்தது.

தொட்டிமுன் குந்தி வெகுநேரம் பார்த்தார். எப்படி வளர்த்தாய் என்று கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அந்த ஒரு மரியாதை அவரிடம் எதிர்பார்த்தேன். எழுந்து நின்று, "இது என் பண்ணை ரத்தம்" என்றார்.

"உங்க பண்ணை ரத்தத்தை நீங்க ஆரோவானாவுக்குப் போட்டுட்டீங்க. இது என் வீட்டுத் தண்ணியில வளந்தது" என்றேன்.

பினாங்கில் ஏற்றுமதி செய்கிறவன் எவன் உன்னிடம் வாங்குகிறான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லா ஏற்றுமதிக்காரர்களும் அவர் கைக்குள் என்பது எனக்கும் தெரியும். பயந்துதான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் கொடுக்க மாட்டேன்.

லுவான்


கவாகுச்சி
24 மே 1991

லுவான்,

போதும்.

முதலாளி உள்ளூர்க் காபிக்கடையில் நாலு பேர் முன்னால், டெக் வீட்டில் பாவாடைதான் கால்சட்டை போடுகிறது என்று சொல்லியிருக்கிறார். அது ஜப்பான்வரை வந்து, இந்த அறையில் சோறு தின்னும்போது என் காதில் விழுந்தது. ஹுவாட்கூடச் சிரித்தான்.

நீ பதினோரு வருடம் கம்பி ஒட்டினாய், சரி. கடைசியில் கம்பெனி என்ன செய்தது? உன் கண்ணும் கையும் அவ்வளவு உசத்தி என்றால் ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள்? ஒரு தடவை மீன் பிழைத்துவிட்டால் வளர்ப்பாளர் ஆகிவிட முடியாது. நான் பன்னிரண்டு வருடம் பண்ணையில் முதுகொடிந்தவன், நானே அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

முதலாளிக்குக் கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பிவிட்டேன். என் வீட்டிலுள்ள இரண்டு வெளிர் மீன்களையும் அவர் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறேன். டிராகன் படகு விழாவுக்குள் வருவார். அம்மாவிடம் சாவி இருக்கிறது. நீ வாசலில் நின்று தடுத்தால், எனக்கு அங்கே வீடு இல்லை என்று எடுத்துக்கொள்வேன்.

பூன் டெக்


ஆயர் ஈத்தாம்
23 ஜூன் 1991

டெக்,

நான் வாசலில் நின்று தடுக்கவில்லை. கதவை நானே திறந்தேன். உன் வாக்குப்படி இரண்டு வெளிர் மீன்களையும் முதலாளி எடுத்துப்போய்விட்டார். விழாவுக்கு முதல்நாள், பதினைந்தாம் தேதி, பிற்பகல்.

ஆனால் அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கம்பெனி ஏன் அனுப்பியது என்று கேட்டிருந்தாய். என் கை கெட்டுப்போனதால் அனுப்பவில்லை, இயந்திரம் வந்ததால் அனுப்பினார்கள் என்பது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டாய். அந்த வரியை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஆனால் உன் புண்ணியத்தில் ஒன்று ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் மட்டும் வெளியே வரவில்லை. எங்கள் நான்காம் வரிசையே மொத்தமாக வந்தது. என்னைத் தவிர ஒன்பது பேர், ஒன்பது பேருக்கும் இதே கண், இதே கை. அவர்களை என்ன செய்வது என்று எந்த முதலாளிக்கும் தெரியவில்லை.

சுங்கை ஆராவில் இருக்கிற ஸைத்தோன் வீட்டுக்கு முதலில் போனேன். அவள்தான் எங்கள் வரிசைத் தலைவி. விஷயத்தைச் சொன்னேன். "எத்தனை தொட்டி வேணும், எத்தனை டிகிரி, யாருக்கு எந்த ஷிஃப்ட்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பீ இம், ஜெலுத்தோங்கில் தவமணி என்று ஒவ்வொரு வீடாக. தவமணி வீட்டில் தொட்டி வைக்க இடமில்லை என்று மாமியார் முனகினார். தவமணி துணி அலமாரியைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டாள்.

குஞ்சுகள் ஐம்பது காசு அளவுக்கு வந்திருந்தன. வீட்டுக்கு எட்டெட்டாக எண்ணிக் கொடுத்தேன், கோடில்லாதவை ஆறு, கோடுள்ளவை இரண்டு. கோடுள்ளவை கறுக்கும், வளர்ந்தால் வெளிர்க் குஞ்சுக்குச் செவிலித் தாயாகும் என்று சொல்லிக் கொடுத்தேன். பஞ்சுக் கதையைச் சொன்னேன், சீப்பைச் சொன்னேன், பூந்தொட்டி மாற்றுவதைச் சொன்னேன். எதையும் ஒளிக்கவில்லை. தொட்டிக்கு ஒரு நோட்டு, தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறும்போது எழுதுவோமே அதேபோல: சூடு, தீனி, தண்ணீர், அடுத்து வருகிறவள் எதைக் கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லா நோட்டும் என் வீட்டுக்கு வரும்.

உன் அம்மாவிடம் மட்டும் எப்படிச் சொல்வதென்று தவித்தேன். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன், கம்பெனி வரி உட்பட. அவர் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். "அவன் வரட்டும், காதைத் திருகுறேன்" என்றார். பிறகு பஸ் ஏறி பீ இம் வீட்டுக்கு மீன் பையை அவரே கொண்டுபோனார்.

முதலாளி வந்தபோது வீட்டில் இருந்தவை வெளிர் ஜோடி, பழுப்பு ஜோடி, கடைசியாக மிஞ்சிய பன்னிரண்டு குஞ்சுகள். உன் கடிதத்தை நீட்டினார். படித்தேன். ஜோடியை நானே வலையில் எடுத்துப் பையில் விட்டேன். பெண் மீன் ஒரு தடவை என் விரலில் முட்டியது, தீனி என்று நினைத்திருக்கும். அதை எழுதக்கூட இப்போது முடியவில்லை. இரண்டு வருடம் டெக். அதைக் கொடுத்த கை இது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பை கட்டியதும் முதலாளி காலித் தொட்டிகளைப் பார்த்தார். முகம் மாறியது.

"மத்த குஞ்சுங்க எங்க?"

"கடிதத்துல ரெண்டு மீன்னுதானே எழுதியிருக்கு" என்றேன்.

ஒன்பது வீட்டு விலாசத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், அதையும் கையில் கொடுத்தேன். போய்க் கேளுங்கள், யாரும் ஒளிக்க மாட்டார்கள், எப்படி வளர்ப்பது என்றுகூடச் சொல்லித்தருவார்கள் என்றேன். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவருக்குத் தேவைப்பட்டது மீன் இல்லை, வேறு யாரிடமும் அது இல்லாமல் இருப்பது. அது இனி இந்தத் தீவில் நடக்காது. ஏற்றுமதிக்காரர்களைத் தடுக்கட்டும், பத்து வீட்டில் பத்து வாசல் இருக்கிறது. நாங்கள் சிங்கப்பூருக்கே பஸ்ஸில் கொண்டுபோவோம்.

உன் வாக்கை நான் காப்பாற்றிக் கொடுத்துவிட்டேன். இனி உன் பெயரைச் சொல்லி என்னிடம் எடுக்க எதுவும் இல்லை. வீடு உனக்கு இருக்கிறதா இல்லையா என்று நீயே முடிவு செய்துகொள். நான் அதை எழுதவில்லை, நீதான் எழுதினாய்.

லுவான்


கவாகுச்சி
8 ஜூலை 1991

லுவான்,

பங்கு ஆ ஹ்வாவுக்குப் போய்விட்டது. முதலாளி எழுதியிருக்கிறார். இரண்டு மீனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மனைவியை அடக்கத் தெரியாதவனுக்குப் பண்ணையை எப்படி அடக்கத் தெரியும் என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு கட்டளை வேறு: ஒன்பது வீட்டுக்கும் நான் தனித்தனியாக எழுதி, மீனைத் திருப்பிக் கேட்க வேண்டுமாம். அப்படிச் செய்தால் மறுபடி யோசிப்பாராம்.

எழுத உட்கார்ந்தேன். மறைக்க மாட்டேன், பேனாவைத் திறந்து 'அன்புள்ள ஸைத்தோன்' என்றுகூட எழுதிவிட்டேன். ஹுவாட் பார்த்துவிட்டான். "உன் பொண்டாட்டிதான்டா பண்ணை. நீ வெறும் தண்ணிக் குழாய்" என்றான். அறை முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுதியதைக் கிழித்துப்போட்டேன்.

உன் கடிதங்களை எல்லாரும் வரிசையாகப் படித்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள். தபால் வரும் நாளில் என்னைவிட அவர்கள்தான் முதலில் இறங்கி ஓடுகிறார்கள். ஏழு பேரும் உன் கட்சி.

கம்பெனி பற்றி எழுதியது தப்பு. அந்த இயந்திரம் வந்த அன்று நீ வீட்டுக்கு வந்து சோறு வடித்துவிட்டு, கஞ்சியில் கையை வைத்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும். நான் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, இப்போது குத்திக் காட்டினேன். பன்னிரண்டு வருடம் முட்டைக்கும் குஞ்சுக்கும் நடுவில் நின்றும், குஞ்சு எதைத் தேடுகிறது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. செத்தால் தொட்டியைக் கவிழ்ப்போம். அவ்வளவுதான் எங்கள் தொழில்.

செப்டம்பரில் வருகிறேன். சரணடைந்தால் அவர்களே விமானம் ஏற்றிவிடுகிறார்கள். எனக்குப் போக வேறு பண்ணை இல்லை, அதை நீ நன்றாகவே பார்த்துக்கொண்டாய். தண்ணீர் மாற்றத் தெரியும். வலை பின்னத் தெரியும். முதுகு கொஞ்சம் போய்விட்டது, ஆனாலும் வாளி தூக்குவேன். பத்து வீட்டில் எங்காவது ஒரு வேலை இருக்குமா என்று கேட்டுச் சொல். இல்லை என்றாலும் எழுது.

டெக்


ஆயர் ஈத்தாம்
21 ஜூலை 1991

டெக்,

உன் கடிதத்தை நான் தனியாகத்தான் படித்தேன், பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உன் அறையில் ஏழு பேர் படித்தார்கள் அல்லவா, இங்கே ஒன்பது பேர். உன் அம்மா கதவோரம் நின்று கேட்டார்.

முடிவு செய்ய நான் ஒருத்தி இல்லை, பத்துப் பேர். ஸைத்தோன் வாக்கெடுப்பு வைத்தாள். அதற்கு முன் எல்லாரும் பேசினார்கள். தண்ணீர் மாற்ற ஆம்பிளை கை இருந்தால் நல்லது என்றாள் பீ இம், அவள் வீடு நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இன்றைக்கு வாளி தூக்குவான், நாளைக்கு நாற்காலி கேட்பான் என்றாள் தவமணி. ஸைத்தோன், வரட்டும், ஆனால் மூன்று மாதம் பயிற்சி ஆள், நோட்டில் கையெழுத்துப் போடுகிற உரிமை அதற்குப் பிறகுதான் என்றாள். அந்த நிபந்தனையை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மீன்மேல் உனக்குப் பங்கு கிடையாது. எந்த வீட்டில் என்ன வேலை என்று வாரா வாரம் நாங்கள் சொல்வோம். முதலாளி கோ வந்து உன்னிடம் பேசினால், எங்களிடம் பேசச் சொல்ல வேண்டும்.

கை தூக்கச் சொன்னாள். வரட்டும் என்று ஆறு பேர், வேண்டாம் என்று நாலு பேர்.

நான் எந்தப் பக்கம் தூக்கினேன் என்று கேட்காதே. வந்து வேலையைப் பார்.

லுவான்